வேலையில்லாதவர் இல்லாத தெருவில் வறுமை எப்படித் தங்கியது?

கேள்வி: கருமாத்தூர் மாணவன்

அனைவருக்கும் வணக்கம். பொருளியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக எங்கள் ஊரில் உசிலம்பட்டிச் சாலையை ஒட்டிய இரண்டு தெருக்களில் வீடு வீடாகச் சென்றேன். யார் என்ன வேலை பார்க்கிறார்கள், கடன் எவ்வளவு, ரேஷன் அரிசி போக வெளியில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதினேன். வேலை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுத ஒரு வீட்டிலும் நேரவில்லை. மல்லிகை பறிக்கிறார்கள், கொத்து வேலைக்கு மதுரைக்குப் போகிறார்கள், விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் நிற்கிறார்கள், முறுக்குக் கம்பெனி வேலைக்கு வெளிமாநிலம் போயிருக்கிறார்கள். ஆனால் கடன் என்ற கட்டமும் எந்த வீட்டிலும் காலியாக இல்லை. ஒரு பாட்டி அரிசிப் பானைக்குள் கையை விட்டு, பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த நகை அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினார். எழுதிக்கொண்டதும் திரும்ப அதே பானைக்குள் வைத்துவிட்டார்.

வட்டாரத்தில் தொழிற்சாலை பெருகினால் வறுமை குறையும் என்ற கருதுகோளோடுதான் நான் தொடங்கினேன். கப்பலூர் தொழிற்பேட்டை எங்கள் ஊரிலிருந்து எட்டாத தொலைவில் இல்லை. வாடிப்பட்டிப் பக்கத்தில் இருக்கும் என் அத்தை ஊரிலோ தொழிற்சாலை எதுவும் கிடையாது. இருந்தாலும் அங்கே கூலிக்குப் போகும் வீடுகள்கூட எங்கள் தெருவைவிடக் கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கின்றன. அப்படியானால் ஒரு வட்டாரத்துத் தொழிலுக்கும் அங்குள்ள வறுமை விகிதத்துக்கும் உள்ள தொடர்பு எந்த வழியாக நடக்கிறது? அனுபவத்திலிருந்து யாராவது விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: பழைய புள்ளிக்காரர்

தம்பி, அரசுப் புள்ளிவிவர வேலையில் களத்தில் அலைந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் உங்கள் கட்டத்தைத்தான் குறை சொல்வேன். வேலை உண்டா என்று கேட்டால் நம் பக்கத்தில் எவரும் இல்லையென்று சொல்ல மாட்டார், ஏனென்றால் வேலையில்லாமல் இருப்பதற்கும் வீட்டில் கொஞ்சம் வசதி வேண்டும். பட்டம் வாங்கிவிட்டு, அப்பாவின் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்தான் கணக்கில் வேலையற்றவராக விழுவார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தவரை ஒரு பிரிவாகவும், அதற்குக் குறைவாக உழைத்தவரை வேறு பிரிவாகவும்தான் எழுதுவோம். உங்கள் தெருவில் இந்த இரண்டும் ஒரே கட்டத்துக்குள் படுத்திருக்கின்றன.

எந்த வறுமையைச் சொல்கிறீர்கள் என்பதும் தெளிவாக வேண்டும். 2011-12 இல் டெண்டுல்கர் குழுவின் முறைப்படி தமிழகக் கிராமங்களுக்கு ஆள் ஒருவருக்கு மாதச் செலவு 880 ரூபாய் என்று வறுமைக் கோடு போட்டார்கள். அந்தக் கணக்கில் மாநிலத்தில் 11.28 விழுக்காட்டினர் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நிதி ஆயோக் வெளியிட்ட பல பரிமாண வறுமைக் குறியீட்டிலோ 2019-21 இல் தமிழ்நாட்டின் அளவு 2.20 விழுக்காடு, நாட்டின் அளவு 14.96 விழுக்காடு. இந்த இரண்டாவது எண் ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, மின்சாரம், சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என்று 12 அம்சங்களைப் பார்க்கிறது, வருமானத்தைப் பார்ப்பதில்லை. ரேஷன் கடையும் சத்துணவும் அரசு மருத்துவமனையும் ஓரளவு ஒழுங்காக நடக்கும் மாநிலத்தில் அது இறங்கத்தான் செய்யும், இறங்கியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பாட்டியின் அடகுச் சீட்டு 12 அம்சங்களில் எதிலும் வராது.

இனி ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 880 ரூபாய்க் கோட்டின்படி ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 4,400, ஆண்டுக்கு 52,800 ரூபாய் வேண்டும். அந்தக் காலத்து நாள்கூலியை ஒரு பேச்சுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்கு 264 ஆள்நாள் வேலை கிடைத்தாக வேண்டும். கணவனும் மனைவியும் போனால் தலைக்கு 132 நாள் போதும். ஒருவர் மட்டும் போனால் ஆண்டு முழுவதும் வாரத்துக்கு ஐந்து நாள் தவறாமல் போக வேண்டும், காய்ச்சல் வரக்கூடாது, ஊரில் துக்கம் விழக்கூடாது. நம் வட்டாரத்தில் வீடுகள் சறுக்குவது பெரும்பாலும் கூலியில் அல்ல, இந்த நாள்களின் எண்ணிக்கையில்தான்.

உங்கள் அத்தை ஊரின் நிமிர்வுக்கும் இதுவே காரணம். 1895 இல் பெரியாறு அணை நீர் வைகைப் பக்கம் திரும்பியது. அந்தப் பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை ஏறத்தாழ 45,000 ஏக்கர் இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் வரை ஏறத்தாழ 85,000 ஏக்கர் ஒருபோகம். வாடிப்பட்டி முதல் பகுதியில் வருகிறது. இரண்டு போகம் என்றால் இரண்டு முறை நடவு, இரண்டு முறை களை, அதனால் கூலிக்காரர் வீட்டில் இரண்டு முறை காசு புழங்கும். அறுப்பை இயந்திரம் எடுத்துக்கொண்டது வேறு கதை. உங்கள் பக்கமோ மானாவாரியும் கிணறும்தான். தண்ணீரை யாரும் தொழில் என்று எழுதுவதில்லை, ஆனால் ஒரு தொழிற்பேட்டை தரும் அளவுக்கு நாள் வேலையை அது தந்திருக்கிறது.

தொழிற்சாலையால் வறுமை குறையவே இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். 1892 இல் வந்த ஹார்வி மில் என்ற நூற்பாலை மதுரை நகரத்தில் ஒரு தலைமுறையை அல்ல, மூன்று தலைமுறையைத் தூக்கி நிறுத்தியது. திருப்பரங்குன்றத்துக்கு அருகே ஹார்விபட்டி என்ற குடியிருப்பே அந்தத் தொழிலாளர்களுக்காக எழுந்தது. மில்லுக்காரருக்குச் சம்பளம் அதிகம் என்பதைவிட, எந்தத் தேதியில் வரும் என்பது தெருவுக்கே தெரியும் என்பதுதான் பெரிய விஷயம். அந்தத் தேதியை நம்பி மளிகைக் கடைக்காரர் வட்டியில்லாமல் பற்று எழுதினார், வாத்தியார் கட்டணத்துக்குப் பொறுத்தார். உங்கள் தெருவில் சம்பளத் தேதி என்று ஒன்று இருக்கிற வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

பதில்: ஜெய்ஹிந்துபுரம் அப்பளக்காரி

ஐயா சொன்ன கணக்கில் எனக்கு ஒரு குறை உண்டு. நாள் வேலை என்று அவர் எண்ணுவது வாசலைத் தாண்டிப் போகிறவர்களைத்தான். நான் பதினெட்டு வருடம் வீட்டிலிருந்தே அப்பளம் தேய்த்தவள். எனக்கு நாளும் இல்லை, நேரமும் இல்லை, கிலோ மட்டுமே இருந்தது.

விடியுமுன்னே கம்பெனிக்குப் போய் வரிசையில் நின்று, பிசைந்த உளுந்து மாவை எடை போட்டு வாங்கி வருவோம். மாவு இறுகிவிடுவதற்குள் உருட்டித் தேய்த்துவிட வேண்டும் என்பதால், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளும் பையை மாட்டுவதற்குமுன் ஆளுக்குப் பத்து உருண்டை தேய்த்துத் தருவார்கள். மொட்டை மாடி உள்ள வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, பழைய சேலையை விரித்துக் காயப்போட்டு, அடுத்த நாள் கொண்டுபோய் எடை போட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. உடைந்தது, ஓரம் மடிந்தது, பறவை கொத்தியது எல்லாம் கழிவு. அந்தத் தராசுக்கு எதிரே நின்று பேச எனக்குத் துணிவு வந்ததே இல்லை. பேசினால் மறுநாள் மாவு கிடைக்காது, எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவருக்குக் கிடைக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். எங்கள் பகுதியில் அப்பளத் தொழில் நன்றாகவே நடந்தது, வெளியூர்களுக்கும் சரக்கு போனது. வட்டாரத் தொழில் வளர்ந்தது என்று எழுதினால் அது பொய் இல்லை. ஆனால் நடந்து போகும் தூரத்தில் எனக்கு மாவு கொடுக்கக்கூடியவர்கள் இரண்டே பேர், அந்த இருவரும் ஒரே விலைதான் கொடுத்தார்கள். வயதான மாமியாரையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு மூன்றாவது இடத்தைத் தேடி என்னால் போக முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். தேய்க்கும் கைகள் நூறு, மாவு கொடுக்கும் கைகள் இரண்டு என்றால் கிலோவுக்கான காசை யார் முடிவு செய்வார்கள்?

மழைக்காலம் எங்களுக்குப் பஞ்சக்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் பிறந்தால் அப்பளம் காயவைக்க வெயில் இருக்காது, கம்பெனி மாவைக் குறைத்துவிடும். அதற்கு நடுவில்தான் தீபாவளி வரும். வட்டிக்கு வாங்காமல் எங்கள் வரிசையில் யாரும் தீபாவளி கொண்டாடியது இல்லை. கிராமத்தில் இருக்கிறவர்களுக்கு நூறு நாள் வேலை என்று ஒரு தாங்கல் கிடைத்தது. 2024-25 இல் அதற்கு நாளொன்றுக்கு 319 ரூபாய் என்று அறிவித்தபோது என் அண்ணி சொல்லிக் கேட்டுப் பொறாமைப்பட்டேன். நகரத்துக்குள் இருந்ததால் அந்த அட்டை எனக்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டுக்கு யார் கணக்கெடுக்க வந்தாலும் என் கணவர் திண்ணையில் உட்கார்ந்து, "அது சும்மா வீட்டில்தான் இருக்கிறது" என்று எழுத வைத்துவிடுவார்.

பதில்: மேலூர் நாட்டான்

எங்கள் ஊரின் அனுபவம் வேறு மாதிரியானது. ஒருபோக நிலத்தில் ஆண்டின் பாதி நாள் சும்மா இருந்த மேலூர் வட்டாரத்துக்குக் கிரானைட் குவாரிகள் வந்தபோது, கிரேன் ஓட்டவும் லாரி ஓட்டவும் கற்றுக்கொண்ட எங்கள் வயது இளைஞர்கள் தகப்பன் பார்த்திராத பணத்தைப் பார்த்தார்கள். அந்த ஆண்டுகளில் கணக்கெடுத்திருந்தால் எங்கள் ஒன்றியத்தில் வறுமை சரிந்ததாகவே எண் வந்திருக்கும். மாவட்ட ஆட்சியராக இருந்த சகாயம் அவர்கள் குவாரி முறைகேடுகளைப் பற்றிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 2012 இல் சோதனைகளும் வழக்குகளும் தொடங்கி, குவாரிகள் நின்றன. முறைகேடு முறைகேடுதான், அதைத் தடுத்தது சரியே. ஆனால் ஒரே ஆண்டில் டீசல் பங்க், டீக்கடை, டயர்க்கடை, வாடகை வீடு என்று வரிசையாக அடைபட்டதைப் பார்த்தவன் நான். தவணையில் வாங்கிய லாரியை நிதி நிறுவனத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு, என் சித்தப்பா மகன் மீண்டும் வயலுக்கு வந்தான். வயலின் ஒரு பக்கம் குவாரிப் பள்ளமும் மறுபக்கம் தூர்ந்துபோன கண்மாய் வரத்துக்காலும் இருந்தன.

ஆகவே ஒரு தொழிலை மட்டும் நம்பிய வட்டாரத்தில் வறுமை விகிதம் படிப்படியாக இறங்குவதில்லை. தொழில் இருக்கும்வரை கீழே கிடக்கிறது, போனதும் ஒரே தாவலில் மேலே ஏறிவிடுகிறது. கற்ற தொழிலை வேறிடத்தில் விற்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள். அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, வேலை வரும் என்ற பேச்சு எங்கள் மக்களிடம் எடுபடாமல் போனதற்கு இந்த நினைவும் ஒரு காரணம். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது.

பதில்: கப்பலூர்ப் பட்டறை

கப்பலூர் என்றதும் எல்லோருக்கும் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும், அதைத் தாண்டி உள்ளே ரப்பர் உதிரி செய்யும் ஒரு சிறிய பட்டறையை நடத்துபவன் நான். அப்பளக்கார அம்மா சொன்ன தராசுக்கு மறுபக்கத்தில் நிற்கிறவன் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் மேலே ஒரு தராசு இருக்கிறது.

கருமாத்தூர்த் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் ஊரிலிருந்து காலை ஆறு மணி ஷிப்டுக்கு என் பட்டறைக்கு எப்படி வருவீர்கள்? செக்கானூரணியில் இறங்கி, திருமங்கலம் பேருந்து பிடித்து, அங்கிருந்து இன்னொன்று மாற வேண்டும். சொந்த வண்டி இருந்தால் சீக்கிரம் வந்துவிடலாம், ஆனால் வண்டி வாங்கும் நிலையில் இருப்பவர் எனக்கு எடுபிடி வேலைக்கு வர மாட்டார். நிலப்படத்தில் பக்கமாகத் தெரியும் வேலை நேரக்கணக்கில் தொலைவாகிவிடுகிறது. 2021 இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தபிறகு என்னிடம் வேலை கேட்டு வரும் பெண்களின் ஊர்ப்பெயர்கள் மாறிவிட்டன. முன்பு திருமங்கலம் மட்டும்தான், இப்போது அதைத் தாண்டிய ஊர்களும் உண்டு. கூலியில் பேருந்துக் காசைக் கழிக்க வேண்டியதில்லை என்பதால் அவர்கள் தேடும் வட்டம் அகன்றிருக்கிறது. அதனால் நான் கூலியையும் சற்று ஏற்ற வேண்டியிருந்தது. வேறு பட்டறைக்குப் போய்விடுவேன் என்று அவர்களால் இப்போது சொல்ல முடிகிறது.

இனி என் பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பத்துப் பேர் ஆனால் ஈ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு, இருபது பேர் ஆனால் வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டும். என்னிடம் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள், கடந்த ஐந்து வருடமாகப் பதினெட்டுப் பேர்தான். ஆர்டர் கூடும் மாதங்களில் ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்துக்கொள்கிறேன். பெரிய நிறுவனம் ஒன்றுக்குத்தான் என் சரக்கில் பெரும்பகுதி போகிறது. சிறு தொழில்களுக்கான 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். எனக்கு நூறு நாள், நூற்றிருபது நாள் ஆகிறது. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வேறொருவருக்குப் போகும். பணம் தாமதமாகும் மாதத்தில் என் ஆட்களின் சம்பளத்தை இரண்டு தவணையாகக் கொடுக்கிறேன். புள்ளிக்கார ஐயா சொன்ன அந்தச் சம்பளத் தேதி என் பட்டறையில் எங்கே காணாமல் போனது என்று கேட்டால், அது என் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவில் கிடக்கிறது.

பதில்: பழைய புள்ளிக்காரர்

பட்டறைக்காரர் உண்மையை எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்தப் பத்தொன்பதாவது ஆளையும் இருபதாவது ஆளையும் பற்றி மட்டும் நான் அவரோடு உடன்படவில்லை. வைப்பு நிதி இல்லாத பதினெட்டுப் பேரும் அறுபது வயதில் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவார்கள். இன்று பட்டறை மிச்சம் பிடித்த செலவை அன்று அவர்கள் பிள்ளைகளும் அரசும் கொடுப்பார்கள். அப்பளக்கார அம்மா சொன்னதை மறுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. திண்ணையில் கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனவர்களில் நானும் ஒருவன்.

பதில்: கருமாத்தூர் மாணவன்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வினாப்படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு திருத்தினேன். வேலை உண்டா என்ற கட்டத்தை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை நாள், கூலி நாளுக்கா கிலோவுக்கா, காசு எந்தத் தேதியில் கைக்கு வந்தது, இந்த வேலை கொடுப்பவர் இல்லையென்றால் வேறு எத்தனை பேரிடம் போக முடியும், அங்கே போக எத்தனை பேருந்து மாற வேண்டும் என்று கேட்கப் போகிறேன்.

பழைய படிவத்தைத் திரும்பப் பார்த்தபோது மல்லிகைக் கணக்கு இப்போதுதான் புரிந்தது. 2013 இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பனிக்காலத்தில் விலை கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டும் என்றெல்லாம் எழுதி, பூ விலை ஏறினால் பறிப்பவர் வருமானமும் ஏறும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். எங்கள் தெருவில் பறிகூலி கிலோவுக்கு இவ்வளவு என்று பேசியது. விலை உச்சத்தில் இருக்கும் மார்கழியில் செடியில் மொட்டே இருக்காது. விடியுமுன் போய் விரல் விறைக்கப் பறித்தாலும் அரைக்கிலோ தேறாது. சித்திரையில் பூ குவியும், பறிப்பவருக்குக் காசு கிடைக்கும், ஆனால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை விழுந்துவிட்டதென்று தோட்டக்காரர் பறிகூலியை உயர்த்த மாட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன். அடுத்த வாரம் மீண்டும் அதே இரண்டு தெருவுக்குப் போகிறேன்.

பதில்: ஜெய்ஹிந்துபுரம் அப்பளக்காரி

தம்பி, அடுத்த வாரம் சித்திரை பிறந்துவிடும். இப்போது கேட்டால் எல்லோரும் நாள் தவறாமல் வேலை என்றுதான் சொல்வார்கள், பொய்யாகவும் இருக்காது. இதே வீடுகளுக்கு ஐப்பசியில் இன்னொரு முறை போங்கள். போகும்போது மாலை நேரத்தில் போகாதீர்கள், அப்போது ஆண்கள் வாசலில் இருப்பார்கள். காலை பதினொரு மணிக்கு மேல் பின்வாசல் பக்கம் போய்க் கேளுங்கள்.